ஏ.ஆர்.டி. மையத்தில் முதல் பணி: புதிதாக வரும் செவிலியருக்கு ஒரு வழிகாட்டி

வார்டிலிருந்து, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாறுதலாகி வரும் செவிலியருக்கு எதையும் வரிசையாகச் சொல்லித்தர அங்கே ஆள் இருப்பது அரிது. பயிற்சிக்கு அழைப்பு வர மாதங்கள் ஆகலாம். நோயாளிகளோ முதல் நாளே வரிசையில் நிற்பார்கள். அந்த இடைவெளிக்காகத்தான் இந்தக் கட்டுரை. அரசு மருத்துவமனை மையத்தை மனத்தில் வைத்து எழுதியது. தனியார் மருத்துவமனையில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டு மருந்து இலவசம், எதிர்ப்புச் சக்தி அணுக்களை எண்ணும் சி.டி.4 இலவசம், ரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையும் இலவசம். ஆனால் மையத்துக்கு வந்துபோக ஒருவருக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் ஆகிறது. வீட்டில் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கிறது. நகல் இல்லை, ரத்தம் உறைந்துவிட்டது, தேதி தவறிவிட்டது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினால் மூன்றாம் முறை அவர் வராமலே போகலாம். ஒரே வருகையில் எவ்வளவு வேலை முடிகிறதோ அவ்வளவுக்கு அவர் சிகிச்சையில் நிலைப்பார். கீழே உள்ள வரிசை அதற்காகப் போட்டது.

1. ரகசியத்துக்கான ஏற்பாடு: இதை முதலில் சரிசெய்யுங்கள்

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்புதல் இல்லாமல் பரிசோதனை கூடாது, ஒப்புதல் இல்லாமல் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது இதன் அடிப்படை. 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் மருத்துவ நிறுவனத்தில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் மருத்துவமனையில் அவர் யார் என்று முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். கணவரோ மனைவியோ வந்து, "இவருக்கு என்ன நோய், சிஸ்டர்?" என்று கேட்டால் பதில் சொல்லும் அதிகாரம் செவிலியருக்கு இல்லை. துணைக்குத் தெரிவிப்பதைச் சட்டம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே, அதுவும் நிபந்தனைகளோடு, விட்டிருக்கிறது. நோயாளி பெண்ணாக இருந்து, சொன்னால் அவருக்கு அடி உதை விழும் என்ற அச்சம் நியாயமாக இருந்தால் அவர்களும் சொல்லக் கூடாது. "டாக்டரிடம் சேர்ந்து வாங்கம்மா, அவர் விளக்குவார்" என்று சொல்லி ஆலோசகரிடம் தகவலைச் சேர்த்துவிடுங்கள்.

வெளியே நின்று பெயரைக் கூவாமல் டோக்கன் எண்ணால் கூப்பிடுங்கள். கோப்பின் மேலட்டையில் நோயின் பெயர் எழுதுவது, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது, கட்டிலில் அட்டை தொங்கவிடுவது எதுவும் வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்கவும் எடை பார்க்கவும் கையுறை தேவையில்லை. போட்டால் சுற்றியிருப்பவர்களுக்கு அதுவே அறிவிப்பாகிவிடும்.

2. பதிவு: கேட்க வேண்டிய தாள்கள்

எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் செய்யும் நம்பிக்கை மையத்தின் அறிக்கைதான் முதல் ஆவணம். மூன்று வெவ்வேறு விரைவுப் பரிசோதனைகளிலும் ரியாக்டிவ் என்று வந்து உறுதி செய்யப்பட்ட அறிக்கையாக அது இருக்க வேண்டும். தனியார் ஆய்வகத்தின் ஒற்றைச் சீட்டோடு வருபவரை வெளியே அனுப்பிவிடாதீர்கள். நம்பிக்கை மையத்துக்கு நீங்களே கூட்டிப்போய் அன்றே உறுதிப் பரிசோதனையை முடித்துக் கொடுங்கள். அங்கேயிருந்து இங்கே வரும் அந்தச் சில நூறு அடி தூரத்தில்தான் பலர் காணாமல் போகிறார்கள்.

அதோடு பரிந்துரைச் சீட்டு, புகைப்பட அடையாள அட்டை ஒன்று, முகவரிக்கு ஏதாவது ஒரு சான்று. காசநோய் சிகிச்சையில் இருந்தால் அந்த அட்டை, கர்ப்பிணியானால் தாய் சேய் நலப் புத்தகம். ஒரு தாள் குறைகிறது என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். இருப்பதை வைத்துப் பதிவுசெய்துவிட்டு, மீதியை அடுத்த வருகையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

சிகிச்சைப் பதிவு இரண்டு: வெள்ளை அட்டை மையத்தில் தங்கும்; பச்சைப் புத்தகம் நோயாளியோடு போகும். இரண்டிலும் எண்ணும் தேதியும் மருந்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிடுங்கள். வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பச்சைப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டவர்கள் உண்டு. எங்கே வைத்துக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

தொலைபேசி எண் வாங்கும்போது மூன்று கேள்விகள் கூடவே வர வேண்டும்: இது யாருடைய போன், எந்த நேரத்தில் கூப்பிடலாம், வேறொருவர் எடுத்தால் நாங்கள் யாரென்று சொல்ல வேண்டும். பதிலை வெள்ளை அட்டையில் எழுதுங்கள். இது இல்லாமல் பிறகு யாரையும் தேட முடியாது.

3. நான்கு கேள்விகள், ஒவ்வொரு வருகையிலும்

இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை. குழந்தையானால் இருமல், காய்ச்சல், எடை ஏறாமை, வீட்டில் யாருக்காவது காசநோய். ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் சளியை, காசநோய்க் கிருமியைக் கண்டறியும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு இருமல் இரண்டு வாரம் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எத்தனை நாள் இருமல் ஆனாலும் கணக்கில் வரும்.

இதைக் கடமைக்குக் கேட்டால் எல்லோரும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். போன மாத எடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எடை 3 கிலோ இறங்கியிருந்தால் வாய் சொல்லாததை எந்திரம் சொல்லிவிடும்.

காசநோய் உறுதியானால் முதலில் காசநோய் மருந்து. பிறகு இரண்டு வாரத்துக்குள் கூட்டு மருந்து. மூளைக்காய்ச்சல் வகை என்றால், காசநோயானாலும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை ஆனாலும், கூட்டு மருந்தைக் குறைந்தது 4 வாரம் தள்ளிவைப்பார்கள். அதனால் புதிதாக வருபவர் விடாத தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம் என்று சொன்னால் மருந்து பாட்டிலை எடுக்கும் முன் மருத்துவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அட்டையில் எழுதி வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

காசநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு அரசின் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். வங்கிக் கணக்கு எண் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

4. ரத்தம் எடுத்தல்

முதல் நாள் எடுக்க வேண்டியவை: சி.டி.4, முழு ரத்த அணுக்கள், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், கல்லீரலுக்கு ஏ.எல்.டி., வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, மஞ்சள் காமாலை பி மற்றும் சி, சிபிலிஸுக்கான பரிசோதனை, சிறுநீர். மார்பு எக்ஸ்ரே. பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும். சிகிச்சை தொடங்க வைரல் லோடு தேவையில்லை. அதற்காக யாரையும் வெளியே பணம் கட்டி எடுத்துவரச் சொல்லாதீர்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்தவரிடம் சர்க்கரையையும் கொழுப்பையும் விட்டு மற்றவற்றை இன்றே எடுங்கள். விட்ட இரண்டையும் அடுத்த மருந்துத் தேதியில், காலை ஆகாரத்துக்கு முன் எடுக்கும்படி அட்டையில் குறித்துவிட்டால் தனியாக ஒரு பயணம் மிச்சம்.

முதலில் சீரம் குழாய், பிறகு ஊதா மூடி குழாய், கடைசியில் சாம்பல் மூடி. வரிசை மாறி ஊதாக் குழாயின் மருந்து சீரத்தில் கலந்தால் பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் தவறான அறிக்கை வரும். ஊதாக் குழாயைக் கோடு வரை நிரப்பி, மெதுவாக 8 முதல் 10 முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் அணுக்கள் உடையும், கவிழ்க்காவிட்டால் ரத்தம் உறையும். இரண்டையும் ஆய்வகம் திருப்பி அனுப்பும். குழாயில் பெயர் ஒட்டுவது ரத்தம் எடுத்த பிறகு, நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போதே.

சி.டி.4 மாதிரியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். "நாளைக்கு அனுப்பலாம்" என்று நல்லெண்ணத்தில் குளிரில் வைத்துவிட்டால் எண்ணிக்கை தவறாகிவிடும். அறை வெப்பநிலையில் வைத்து, அன்றே அனுப்ப வேண்டும். வைரல் லோடு மாதிரிக்கு முறை வேறு: பிளாஸ்மாவைச் சீக்கிரம் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். ஆய்வகம் எத்தனை மணிக்கு மாதிரி வாங்குவதை நிறுத்துகிறது என்று கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே உங்கள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

5. எடையும் கிரியேட்டினினும்: ஒரு சின்னக் கணக்கு

இன்று பெரும்பாலானோருக்குத் தொடங்குவது டி.எல்.டி. என்ற ஒற்றை மாத்திரை: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. நாளைக்கு ஒன்று. இதில் டெனோஃபோவிர் சிறுநீரகத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து.

கிரியேட்டினின் "நார்மல்" என்று அச்சிட்டிருப்பதை நம்பி விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று அறிய, 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண்ணானால் விடையை 0.85-ஆல் பெருக்குங்கள். 52 வயது, 42 கிலோ, கிரியேட்டினின் 1.1 உள்ள பெண்ணுக்கு 88 × 42 = 3696; அதை 79.2-ஆல் வகுத்தால் 46.7, 0.85-ஆல் பெருக்கினால் 39.7 வரும். 50-க்குக் கீழே என்றால் டெனோஃபோவிர் சரிவராது. மருத்துவர் மாற்று மருந்து எழுதுவார். அறிக்கையில் 1.1 என்பது சாதாரணமாகத்தான் தெரிந்திருக்கும். நம்மூர் மெலிந்த பெண்களிடம் இந்தக் கணக்கைப் போடாமல் பாட்டிலைக் கொடுக்காதீர்கள்.

6. முதல் பாட்டில் கொடுக்கும்போது

சி.டி.4 எவ்வளவாக இருந்தாலும் சிகிச்சை உண்டு. அறிக்கை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. காசநோய், மூளைக்காய்ச்சல் சந்தேகம் இல்லாமல், நோயாளியும் மனம் தயாராக இருந்தால் அன்றே தொடங்கலாம். இல்லையென்றால் 7 நாளுக்குள்.

முதல் மாத்திரையை எப்போது, எந்த வேளையில் விழுங்குவார் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். "தினமும் ஒரே நேரம்" என்று நீங்கள் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார். "ராத்திரி சீரியல் முடிஞ்சதும்", "காலையில டூட்டிக்குக் கிளம்பும்போது" என்று அவராகச் சொன்னால்தான் நிற்கும். இரவில் போட்டால் தூக்கம் கெடுகிறது என்பவருக்குக் காலையில் மாற்றிக்கொடுக்கலாம். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்தவுடன் போட வேண்டும்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் ஒன்றை மட்டும். இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது.

சி.டி.4 350-க்குக் கீழே இருந்தாலோ நோய் முற்றிய நிலையில் இருந்தாலோ வேறு தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் 960 மி.கி. தினம் ஒன்று சேரும். சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். 200-க்குக் கீழே என்றால் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பரிசோதனைக்கும் சிறுநீரில் காசநோய் பார்க்கும் லாம் பரிசோதனைக்கும் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். காசநோய் இல்லை என்று தெரிந்தவருக்குத் தடுப்பாக ஐசோநியாசிட் 300 மி.கி., பைரிடாக்சின் 50 மி.கி., ஆறு மாதம். தினமும் குடிப்பவர், கல்லீரல் பாதித்தவர், கை கால் மரத்துப்போனவர் என்றால் மருத்துவரிடம் காட்டாமல் இதைத் தொடங்காதீர்கள்.

7. வேறு என்ன மாத்திரை போடுகிறார்?

நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இது. "வேற மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கும் ஜெலுசில், டைஜீன் போன்றவற்றில் மெக்னீசியமும் அலுமினியமும் இருக்கின்றன. அவை டோலுடெக்ராவிரைக் குடலில் பிடித்து நிறுத்திவிடும். ரத்தத்தில் மருந்து ஏறாது. இவற்றைக் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ குடித்து 6 மணி நேரம் கழித்தோதான் டி.எல்.டி. போட வேண்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளி. இந்த இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்தால் மட்டும் டி.எல்.டி.யுடன் ஒன்றாகப் போடலாம். கர்ப்பிணிகள் எல்லோருமே இரும்பும் கால்சியமும் எடுப்பவர்கள் என்பதை மறக்காதீர்கள்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெக்ராவிர் 50 மி.கி. கூடுதலாக ஒன்று, டி.எல்.டி. போட்ட 12 மணி நேரம் கழித்து. ரிஃபாம்பிசின் முடிந்து இரண்டு வாரம் வரை அது தொடர வேண்டும். காசநோய் மருந்து முடிந்த அன்றே இந்த மாத்திரையையும் நிறுத்திவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு நாளொன்றுக்கு மொத்தம் 1000 மி.கி. தாண்டக் கூடாது. வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டல் எடுப்பவரை உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

8. முதல் ஆறு மாதம்

சி.டி.4 குறைவாக இருந்தவருக்கு மருந்து தொடங்கிய சில வாரங்களில் திடீரெனக் காய்ச்சல், கழுத்தில் கட்டி, இருமல் கிளம்பலாம். எதிர்ப்புச் சக்தி மீண்டு, ஒளிந்திருந்த கிருமியோடு மோதுவதால் வருவது. "மருந்து சேரலை" என்று அவரே நிறுத்திவிடுவார். இப்படி ஆகலாம், ஆனால் நிறுத்தாமல் நேரே வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் மீதி மாத்திரையை எண்ணுங்கள். 30 கொடுத்து 28-ஆம் நாள் வரும்போது 2 மிச்சம் இருப்பது சரி. 4 மிச்சம் என்றால் 28-இல் 26 போட்டிருக்கிறார், 93 சதவீதம். இலக்கு 95. மாதத்தில் இரண்டு மாத்திரை விட்டாலே அதற்குக் கீழே போய்விடும். எண்ணும்போது திட்டினால் அடுத்த முறை மீதி மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு வெறும் பாட்டிலோடு வருவார். உங்களுக்கு உண்மை தெரியாமலே போகும்.

வைரல் லோடு 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. 1000 பிரதிகளோ அதற்கு மேலோ வந்தால் உடனே மருந்தை மாற்றுவதில்லை. மாத்திரை எங்கே தவறுகிறது, எந்த மாத்திரையோடு மோதுகிறது என்று ஆலோசகர் தொடர்ந்து உட்கார்ந்து பேசி, மூன்று மாதம் ஒழுங்காக எடுத்த பிறகு மறுபடி பரிசோதனை. ஏழாம் படியில் சொன்ன பை இங்கேயும் திறக்கப்பட வேண்டும்.

9. தேதி போடுவதும் தவறியவரைத் தேடுவதும்

கையில் உள்ள மாத்திரை முடிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பாகவே அடுத்த தேதி விழ வேண்டும். ஞாயிறு, அரசு விடுமுறை, பொங்கல், ஊர்த் திருவிழா எல்லாவற்றையும் நாட்காட்டியில் பார்த்துவிட்டு எழுதுங்கள். நிலையாக இருப்பவருக்கு மூன்று மாத மருந்து ஒன்றாகக் கொடுக்க வழி இருக்கிறது. தகுதி உள்ளவரை மாதாமாதம் அலைய விடாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் மருந்து வழங்கும் துணை மையமான இணைப்பு மையம் இருந்தால் அங்கே மாற்றுவதைப் பற்றியும் பேசுங்கள், ஆனால் கட்டாயப்படுத்த வேண்டாம். சொந்த ஊரில் தெரிந்த முகம் இருக்கும் என்று தூர மையத்துக்கு வருபவர்களே அதிகம்.

தேதியில் வராதவரை மறுநாளே கூப்பிடுங்கள். ஒரு வாரம் கழித்து என்றால் பாட்டில் காலியாகியிருக்கும். திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விட்டார் என்றால் அங்குள்ள மையத்தில் பச்சைப் புத்தகத்தைக் காட்டி மருந்து வாங்கலாம் என்று சொல்லுங்கள். நிரந்தரமாகக் குடியேறினால் மாறுதல் படிவம் போட்டு, புது மையத்தில் சேர்ந்துவிட்டாரா என்று விசாரியுங்கள். அவசரத்தில் கேட்க 1097 என்ற கட்டணமில்லா எய்ட்ஸ் உதவி எண் எல்லோர் போனிலும் இருக்கட்டும், வேறு பெயரில் சேமித்தாலும் சரி.

10. தாயும் குழந்தையும்

கர்ப்பிணிக்கும் டி.எல்.டி.தான், வாழ்நாள் முழுவதும். 32 முதல் 36 வாரத்துக்குள் வைரல் லோடு எடுக்கத் தவறாதீர்கள். குழந்தைக்கு என்ன தடுப்பு மருந்து என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 1000-க்குக் கீழே என்றால் நெவிரபின் சிரப் மட்டும், ஆறு வாரம். பிறப்பு எடை 2.5 கிலோவுக்கு மேல் என்றால் தினம் ஒரு முறை 1.5 மி.லி.; 2 முதல் 2.5 கிலோ வரை 1 மி.லி.; 2 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 0.2 மி.லி. 1000 அல்லது அதற்கு மேல் என்றால் ஜிடோவுடினும் சேரும். அப்போது தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இரண்டும் 12 வாரம். சிரிஞ்சில் அளவுக் கோட்டைப் பேனாவால் குறித்து, தாயையே ஒரு முறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தாய்ப்பாலும் புட்டிப்பாலும் கலந்து கொடுப்பதுதான் ஆபத்து. மாமியார் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவதும் இதில் சேரும்.

குழந்தைக்குத் தொற்று உண்டா என்று பார்க்க, ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தம் எடுக்க வேண்டும். கோட்ரைமாக்சசோல் சிரப்பும் அன்றே தொடங்கும். அட்டையின் வட்டத்தைக் கையால் தொடாதீர்கள். ஒரு வட்டத்துக்கு ஒரே பெரிய துளி. அதன்மேல் இன்னொன்றை வைத்தால் மாதிரி வீண். குறைந்தது நான்கு மணி நேரம் வெயில் படாமல் கிடையாக உலர்த்தி, பிறகுதான் உறையில் போட வேண்டும். மறுபடி 6, 12 மாதங்களில். இறுதி முடிவு 18-ஆம் மாதம். தடுப்பூசித் தேதிகளோடு இவற்றை ஒட்டிப் போட்டால் தாய் தவறவிடமாட்டார்.

11. ஊசி குத்திவிட்டால்

ஊசிக்கு மறுபடி மூடி போடுவதாலும் நிரம்பிய பெட்டியில் திணிப்பதாலும்தான் பெரும்பாலும் குத்துகிறது. வெள்ளை ஊசிப் பெட்டி முக்கால் பங்கு நிரம்பியதும் மாற்றுங்கள். அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஊசி இல்லாத சிரிஞ்சும் குழாயும் சிவப்புப் பையில், ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளில். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். தடுப்பூசி போடாதவருக்கு ஊசி வழியாக அந்தக் கிருமி தொற்றும் வாய்ப்பு எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு. எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 சதவீதம்தான்.

குத்திய இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்ற வேண்டாம். கண்ணில் தெறித்தால் தண்ணீரோ சலைனோ விட்டுக் கழுவுங்கள். உடனே பொறுப்பு மருத்துவரிடம் சொல்லி எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் வேளையைப் போட்டுவிடுங்கள்: 2 மணி நேரத்துக்குள் என்றால் நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் பயனில்லை. அறிக்கைக்கோ மேலதிகாரியின் கையெழுத்துக்கோ காத்திருக்க வேண்டாம். இரவுப் பணியில் அந்த மருந்து எந்த அலமாரியில், சாவி யாரிடம் என்று இப்போதே தெரிந்து வையுங்கள். பெரும்பாலும் அவசரப் பிரிவில் இருக்கும்.

அன்றே உங்கள் ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த அடிப்படைப் பரிசோதனை இல்லாவிட்டால் பணியில் ஏற்பட்டது என்று பிறகு நிறுவ முடியாது. மருந்து டி.எல்.டி., 28 நாள், ஒரு நாளும் விடாமல். பரிசோதனை 6-ஆம் வாரம், 3-ஆம் மாதம், 6-ஆம் மாதம். முடிவு வரும் வரை ரத்த தானம் வேண்டாம், ஆணுறை அவசியம். உங்களைப் பற்றிய இந்தப் பதிவும் ரகசியம்தான். அதைப் பூட்டிய அலமாரியில் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.